கண்ணாடிக்கடை அக்காவின் தலைப்புகள்

நாற்பத்திரண்டு வயதில் எனக்கு எழுத்துகள் மங்கத் தொடங்கின. பேப்பரைக் கையை நீட்டிப் பிடித்துப் படித்தேன். கையின் நீளமும் போதாமல் போனபோது, இப்போதெல்லாம் அச்சடிப்பவர்கள் மை போடுவதில் கஞ்சத்தனம் பண்ணுகிறார்கள் என்று வீட்டில் சொல்லித் திரிந்தேன். ஒரு நாள் என் மனைவி வண்டியின் பின்னால் ஏறி உட்கார்ந்து, "கிராஸ்கட் ரோட்டுக்குப் போங்க" என்றாள்.

அந்த ரோட்டிலிருந்து பிரியும் ஒரு சந்தில் இருந்தது கண்ணாடிக்கடை. ஐம்பதைத் தாண்டிய ஒரு பெண்மணி மேசைக்குப் பின்னால் நின்றிருந்தார். மூக்கில் ஒரு கண்ணாடி, தலையில் ஏற்றிவிட்ட இன்னொரு கண்ணாடி.

"எனக்கொண்ணும் அந்த வயசு ஆகலைங்க" என்றேன், அவர் எதுவும் கேட்பதற்கு முன்பே.

"அதுதான் பார்த்தாலே தெரியுதுங்களே. அறிவு சாஸ்தி இருக்கறவங்களுக்கு இது வெள்ளனமே வந்துருமுங்க தம்பி" என்று சொல்லி நாற்காலியில் உட்கார வைத்தார். என் மனைவி சிரிப்பை அடக்கிக்கொள்ள வெளியே போய்விட்டாள்.

மற்ற கடைகளில் எழுத்து வரவரச் சின்னதாகும் ஓர் அட்டையைக் கையில் கொடுப்பார்கள். இவர் கொடுத்த அட்டையில் ஏதோ பழைய நாவலின் ஒரு பக்கம் ஒட்டியிருந்தது. ஒருவன் கடைசி பஸ்ஸில் வந்து முன்பின் தெரியாத ஊரில் இறங்குகிறான். கையில் வேறு யாருடைய பெட்டியோ இருக்கிறது. ஒரு வீட்டுக் கதவைத் தட்டுகிறான். கதவு திறக்கிறது. பக்கம் முடிந்துவிட்டது. அட்டையைத் திருப்பினேன். பின்பக்கம் வெறுமையாக இருந்தது.

"அப்புறம்?"

"அப்புறம் என்னுங்க, டெஸ்ட்டு முடிஞ்சுது. படிக்கறதுக்கு மட்டும் கண்ணாடி போட்டாப் போதும்."

"அதில்லீங்க. கதவைத் தொறந்தது யாரு?"

"அது ஞாயித்துக்கெழம சாயங்காலம் மாடியில தெரியுமுங்க. வாரீங்களா?"

இப்படித்தான் பம்புசெட் கம்பெனியில் சர்வீஸ் வேலை பார்க்கும் நான், கண்ணாடிக்குப் போய் ஒரு வாசகர் குழுவில் சேர்ந்து திரும்பினேன். அவர் பெயரை இங்கே எழுதப்போவதில்லை. அவரை எல்லாரும் அக்கா என்றுதான் கூப்பிட்டோம். அவரைவிட மூத்தவர்கள்கூட மறந்துபோய் அக்கா என்று கூப்பிட்டுவிட்டு நாக்கைக் கடித்துக்கொள்வதுண்டு.

அக்காவைப் புரிந்துகொள்ள அவர் கண்ணாடி விற்பதைப் பார்க்க வேண்டும். ஒருவருக்கு எந்த பிரேம் பொருந்தும் என்பது, அவர் படியேறி உள்ளே வரும்போதே அக்காவுக்குத் தெரிந்துவிடும். ஆனால் அதைச் சொல்லமாட்டார். பொருந்தாத நான்கை முதலில் எடுத்து வைப்பார். ஒன்றைப் போட்டால் ஆந்தை மாதிரி இருக்கும். இன்னொன்று மூக்கைச் சப்பையாகக் காட்டும். கண்ணாடியில் தன் முகத்தைப் பார்த்து அந்த ஆள் சோர்ந்துபோகும் நேரத்தில், ஐந்தாவதைத் தட்டின் ஓரத்தில் தற்செயலாக வைத்ததுபோல வைத்துவிட்டு, "இது உங்களுக்கு வேண்டாமுங்க" என்பார். வந்தவர் ஆவலோடு அதையே எடுத்து மாட்டிக்கொள்வார். "அட, என்ர கண்ணுக்குத் தெரியல, உங்களுக்குத் தெரிஞ்சிருக்குது பாருங்க" என்று அக்கா வியப்பார். தேர்ந்தெடுத்தது தானே என்ற பெருமிதத்தில் அவர் படியிறங்கிப் போவார்.

அன்னூர்ப் பக்கம் விவசாயக் குடும்பத்தில் பிறந்தவர் அக்கா. அதைத் தாண்டி அவரைப் பற்றி எங்களுக்கு எதுவும் தெரியாது. தெரியவில்லை என்பதே எங்களுக்கு வெகு நாள் தெரியாது.

கடை மாடியில் பிரேம் அட்டைப்பெட்டிகளுக்கு நடுவே பாயை விரித்து உட்காருவோம். மாதம் ஒரு தலைப்பு. அந்தத் தலைப்புக்குப் பொருந்தும் ஒரு புத்தகத்தை அவரவர் தேடிப் படித்துவிட்டு அடுத்த மாதம் வந்து பேச வேண்டும். இதற்கு வாசிப்புச் சவால் என்று பெயர். தலைப்பைச் சீட்டுப் போட்டு எடுப்போம். எவர்சில்வர் தூக்குப்போசி ஒன்றில் மடித்த சீட்டுகளைப் போட்டுக் குலுக்கி அக்கா நீட்டுவார். யாராவது ஒருவர் கண்ணை மூடிக்கொண்டு ஒன்றை எடுப்பார்.

தலைப்புகளும் ஒரு தினுசாக இருக்கும். 'உங்களைவிட வயதில் மூத்த புத்தகம்' என்று ஒரு மாதம். 'சொன்ன சொல்லைக் காப்பாற்றாதவரைப் பற்றிய புத்தகம்' என்று ஒரு மாதம். 'மகள் பேச்சைக் கேட்காத அப்பா' என்று இன்னொரு மாதம். எங்கள் குழுவின் சட்டாம்பிள்ளை சிவசாமி அண்ணன். வங்கியில் மேனேஜராக இருந்து ஓய்வு பெற்றவர். தலைப்புக்குப் பொருந்தாத புத்தகத்தோடு யாராவது வந்தால், கையெழுத்து ஒத்துவராத காசோலையைப் பார்ப்பதுபோலப் பார்ப்பார். "அப்பா மகளோட பேச்சக் கேக்கல, சரி. ஆனா உங்க புத்தகத்துல அவரு யாரு பேச்சையுமே கேக்கலையே? அது எப்படீங்க இதுல சேரும்?" என்று அரை மணி நேரம் வாதாடுவார்.

ஸ்டெல்லாவின் மாதத்தைச் சொல்ல வேண்டும். கொடுமுடிப் பக்கத்துப் பெண். அப்பாவும் அம்மாவும் தோட்டங்களில் கூலிக்குப் போய்ப் படிக்க வைத்தார்கள். இப்போது கோயமுத்தூரில் ஒரு மருத்துவமனையில் நர்ஸ். கொலைக்கதைகளைத் தவிர எதையும் தொடமாட்டாள். முதல் அத்தியாயத்தில் பிணம் விழாவிட்டால் புத்தகத்தை மூடிவிடுவாள். அந்த மாதம் அவள் கலகலப்பில்லாமல் வந்து சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். வார்டில் அவள் பார்த்துக்கொண்டிருந்த ஒரு குழந்தை பிழைக்கவில்லை என்று பின்னால்தான் எனக்குத் தெரிந்தது. அன்று சீட்டில் வந்த தலைப்பு: 'யாருமே சாகாத புத்தகம்.'

"இது அநியாயமுங்க, எனக்கு வேண்டாம்" என்றாள் ஸ்டெல்லா.

"சீட்டுல வந்தத நாம என்ன கண்ணு பண்றது?" என்று அக்கா கையை விரித்தார்.

யாருமே சாகாத புத்தகம் கிடைப்பது எவ்வளவு கடினம் என்று அந்த மாதம்தான் எங்களுக்குத் தெரிந்தது. காதல் கதை என்று எடுத்தால் மாமனார் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்கிறார். சிறுவர் கதையில் நரி சாகிறது. சென்னிமலைப் போர்வைகளை மொத்தமாக வாங்கி விற்கும் பழனியப்பன் ஒரு சமையல் புத்தகத்தோடு வந்தார். ஸ்டெல்லா அதை வாங்கிப் புரட்டி, "நாற்பதாம் பக்கத்துல ஒரு கோழி போயிருச்சுங்களே" என்றாள். சிவசாமி அண்ணன் மிக்ஸிக்கான செய்முறைக் கையேட்டைக் கொண்டுவந்து, முகத்தில் சிரிப்பே இல்லாமல், "முழுக்கப் படிச்சுட்டேன். எல்லாரும் நல்லா இருக்காங்க" என்றார். ஸ்டெல்லா சிரித்தாள். சிரிப்பு முடிகிற இடத்தில் அழுகை வந்தது. அக்கா எழுந்து போய் அவள் பக்கத்தில் உட்கார்ந்து, முதுகைத் தடவிக்கொண்டிருந்தார். சீட்டு எவ்வளவு சரியான நேரத்தில் வந்தது என்று அன்று வீட்டுக்குப் போகும் வழியில் நான் நினைத்துக்கொண்டேன். அதற்கு மேல் எனக்குத் தோன்றவில்லை.

அடுத்த மழைக்காலத்தில்தான் விஷயம் வெளியே வந்தது. அன்று சீட்டு எடுக்கும் முறை சிவசாமி அண்ணனுடையது. எடுத்துப் பிரித்துப் படித்தார். 'பிரிந்துபோன அண்ணன் தம்பி.' அவர் முகம் சுருங்கியது. "வேற எடுத்துக்கறேன்" என்று போசிக்குள் மறுபடி கையை விட்டார். அக்கா போசியைப் பின்னால் இழுத்தார். அவர் முன்னால் இழுத்தார். போசி உருண்டு, சீட்டுகள் பாயெங்கும் சிதறின. பழனியப்பன் உதவி செய்யும் எண்ணத்தில் ஒவ்வொன்றாகப் பொறுக்கிப் பிரித்துச் சத்தமாகப் படித்தார்.

"பிரிந்துபோன அண்ணன் தம்பி. பிரிந்துபோன அண்ணன் தம்பி. பிரிந்துபோன… ஏனுங்க, எல்லாம் ஒண்ணாவே இருக்குதுங்களே!"

சிவசாமி அண்ணனுக்கு ஒரு தம்பி உண்டு. அன்னூருக்குப் பக்கத்தில் தோட்டத்தில் இருக்கிறார். கிணற்றுப் பங்கில் வந்த மனஸ்தாபத்தில் இருவருக்கும் பேச்சு நின்று பல வருஷங்கள் ஆகின்றன. புரை நீக்கிய கண்ணுக்குக் கண்ணாடி வாங்க வந்தபோது, அதை அவர் அக்காவிடம் மட்டும் சொல்லியிருக்கிறார்.

"கண்ணுக்குன்னு வந்தேன்" என்றார் சிவசாமி அண்ணன். "என்ர ஊட்டு விவகாரத்தப் பாயில போட்டுப் பரப்பிட்டீங்களே அம்மணி."

அக்கா மறைக்கவில்லை. "ஆமாங்ணா. நான்தான் எழுதுனேன். இந்த மாசம்னு இல்லீங்க, எல்லா மாசமும் அப்படித்தான். யாருக்கு எது வேணும்னு தோணுதோ அதையே எல்லாச் சீட்டுலயும் எழுதிருவேன்."

சிவசாமி அண்ணன் செருப்பை மாட்டிக்கொண்டு போய்விட்டார். மற்றவர்கள் அவரவர் உட்கார்ந்த இடத்திலேயே பழைய மாதங்களை எண்ணிப் பார்த்தோம். ஸ்டெல்லா தன் மாதத்தை உடனே கண்டுகொண்டாள். பழனியப்பன் மட்டும் சுற்றிச் சுற்றிப் பார்த்துவிட்டு, "அந்த, சொன்ன சொல்லக் காப்பாத்தாதவரு… அது யாருக்குங்க?" என்று கேட்டார். எல்லாரும் அவரையே பார்த்தோம். "அடக் கடவுளே! வேற யாருக்கோன்னு நெனச்சு அத்தனை நல்லா விளக்கிப் பேசுனேனுங்களே!" என்று தலையில் கை வைத்துக்கொண்டார். அக்காவுக்கும் சிரிப்பு வந்துவிட்டது.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. என் மகள் வணிகவியல் படிக்க வேண்டும் என்றாள், இன்ஜினியரிங்தான் என்று நான் ஒற்றைக் காலில் நின்றேன். அந்த 'மகள் பேச்சைக் கேட்காத அப்பா' மாதத்துக்குப் பிறகு ஒரு நாள் என் மனம் மாறியது. அவள் விருப்பப்படியே சேர்த்தேன். அவள் நன்றாகத்தான் இருக்கிறாள். ஆனால் அந்த முடிவை நானாகவே யோசித்து எடுத்ததாக அதுவரை நம்பியிருந்தேன். அதில் எனக்குக் கொஞ்சம் பெருமைகூட இருந்தது. இப்போது, அந்த மனமாற்றத்தில் என் பங்கு எவ்வளவு, தட்டின் ஓரத்தில் எடுத்து வைத்த கையின் பங்கு எவ்வளவு என்று பிரிக்க முடியவில்லை. அக்காமேல் கோபம் வந்தது. கோபப்பட என்ன இருக்கிறது என்றும் தெரியவில்லை.

அதைப் போட்டு உடைத்தவள் ஸ்டெல்லாதான். "அக்கா, அந்த மாசம் நீங்க போட்டது எனக்கு மருந்து மாதிரிங்க. மறுக்கல. ஆனா ஆஸ்பத்திரியில நாங்க ஊசி போடறதுக்கு முன்னாடி சொல்லிப்போட்டுத்தான் போடுவோம். நீங்க ஒரு வார்த்த கேட்டிருக்கலாமில்லீங்க?"

அக்கா குனிந்து பாயில் கிடந்த சீட்டுகளை ஒன்று சேர்த்துக் கொண்டிருந்தார்.

அதன் பிறகு வாட்ஸ்அப்பில் வாக்கெடுப்பு வைத்துத் தலைப்பை முடிவு செய்தோம். ஜனநாயகம் வந்தது. 'வரலாறு' ஜெயித்தது. அடுத்த மாதம் 'விளையாட்டு'. அதற்கடுத்த மாதம் 'தன்னம்பிக்கை'. எல்லாரும் ஒழுங்காகப் படித்துவிட்டு வந்து, ஒழுங்காகப் பேசி, ஒழுங்காக டீ குடித்துவிட்டுப் போனோம். யாரும் யாரோடும் வாதாடவில்லை. வாதாடும் ஆள் வருவதே இல்லை. அக்கா கடைசி வரிசையில் உட்கார்ந்து, கொடுத்த தலைப்புக்குப் படித்து ஒப்பித்தார். பார்க்கப் பாவமாக இருந்தது.

ஒரு நாள் மதியம் என்னைப் போனில் கூப்பிட்டார். "தம்பி, வண்டி இருக்குதுங்களா? வடவள்ளிக்குப் போகோணும். அண்ணன் ஊட்டுக்கு."

சிவசாமி அண்ணன் கதவைத் திறந்தவர், எங்களைப் பார்த்ததும் உள்ளே பார்த்து, "ஒறம்பர வந்திருக்காங்க, காபி வையி" என்று மனைவியிடம் சொன்னார். கோபமாக இருந்தாலும் வந்த விருந்தாளிக்குக் காபி தவறாத ஊர் எங்களுடையது. உட்கார்ந்தோம்.

"கேக்காமப் போட்டது தப்புங்ணா" என்றார் அக்கா. அவருக்கு நேராகப் பேசுவது பழக்கமில்லை என்பது அப்போதுதான் தெரிந்தது. வார்த்தைகளைக் கல் பொறுக்குவதுபோலப் பொறுக்கினார்.

சிவசாமி அண்ணன் வெகுநேரம் காபியை ஆற்றினார். பிறகு கேட்டார். "எல்லாருக்கும் தலைப்புப் போட்டீங்க. சரி. உங்களுக்குன்னு எந்த மாசம் போட்டீங்க?"

"எனக்கு எதுக்குங்க?"

"ஏன், உங்களுக்கு எந்த வெசனமும் கவலையும் இல்லீங்களா?"

அக்கா சிரித்து மழுப்பப் பார்த்தார். அண்ணன் விடவில்லை. காசோலையைத் திருப்பி அனுப்பும் அதே பார்வை. "இல்லீங்க அம்மணி. கேட்டுப் போடணும்னுதான பேச்சு? நான் கேக்கறேன். உங்களுக்கு என்ன தலைப்பு வேணும்?"

அக்கா சேலைத் தலைப்பை விரலில் சுற்றினார், அவிழ்த்தார். பிறகு மெதுவாகச் சொன்னார். "ஊர உட்டுப் போறவங்களப் பத்தி ஏதாச்சும் இருந்தாச் சொல்லுங்ணா."

அவருடைய கணவர் இறந்து வெகுகாலம் ஆகிவிட்டது என்பதும், ஒரே மகள் மைசூரில் இருக்கிறாள் என்பதும், "தனியா இருந்து என்னம்மா பண்றே, வந்துரு" என்று அவள் கூப்பிட்டுக்கொண்டே இருக்கிறாள் என்பதும் அன்று வடவள்ளியில்தான் எனக்குத் தெரிந்தன. போகலாமா, வேண்டாமா என்று அக்காவால் முடிவு செய்ய முடியவில்லை. ஒரு மாதம் கடையைக் கொடுத்துவிடலாம் என்று தோன்றுமாம். மறு மாதம் புது பிரேம்களுக்கு ஆர்டர் போட்டுவிடுவாராம். வருகிறவர்களின் முகத்துக்கெல்லாம் பொருந்துவதை வாசற்படியிலேயே கண்டுபிடித்தவருக்குத் தன் முகம் தெரியவில்லை.

"எத்தனை புத்தகத்துல தேடினேன்னு தெரியுங்களா? போறவங்க எல்லாம் மொத அத்தியாயத்துலயே முடிவு பண்ணிப்போட்டுக் கெளம்பிடறாங்க. அதுக்கு முந்தி என்ன பண்ணுனாங்கன்னு ஒருத்தரும் எழுதலீங்க."

அந்த மாதம் வாக்கெடுப்பு இல்லை. 'ஊரை விட்டுப் போகிறவர்' என்று சிவசாமி அண்ணனே குழுவில் போட்டார். யாருக்கு என்பதையும் கீழே எழுதினார். அந்த ஞாயிற்றுக்கிழமை மாடியில் உட்கார இடம் போதவில்லை. ஒவ்வொருவரும் புத்தகத்தைப் பற்றிப் பேச ஆரம்பித்து அக்காவைப் பற்றிப் பேசி முடித்தோம். பழனியப்பன் கொண்டுவந்த புத்தகத்தில் ஊரை விட்டுப் போனவன் சீரழிந்துவிடுகிறான். "அதனால போகாதீங்க" என்றார். "அவன் சூதாடுனதால கெட்டான். ஊரு என்னங்க பண்ணும்?" என்று அண்ணன் பாய்ந்தார். ஸ்டெல்லாவின் புத்தகத்தில் போனவள் கடைசியில் கொலை செய்யப்படுகிறாள். "ஆனா அதுவரைக்கும் சந்தோஷமாத்தான் இருந்தாளுங்க அக்கா" என்று சமாதானம் சொன்னாள். இரண்டு கட்சியாகப் பிரிந்து கத்தினோம். பக்கத்துக் கடை பேக்கரிக்காரர் என்னவோ ஏதோ என்று ஏறி வந்து பார்த்துவிட்டுப் போனார்.

அக்கா யார் கட்சியிலும் சேரவில்லை. எல்லாரும் ஓய்ந்த பிறகு, "நீங்க சொல்றதக் கேட்டு முடிவு பண்ணலாம்னு வந்தேன்" என்றார். "கேக்கக் கேக்க, போகாதீங்கன்னு சொல்றவங்க மேல கோவம் வந்துதுங்க. அப்பத்தான் தெரிஞ்சுது, எனக்குப் போகோணும்னுதான் இருக்குதுன்னு."

கடையை, அங்கேயே வேலை பார்த்த பெண்ணிடம் ஒப்படைத்தார். கிளம்பும் நாளில் நாங்கள் நாலைந்து பேர் காந்திபுரத்தில் பஸ் ஏற்றிவிடப் போனோம். ஏறுவதற்கு முன் அக்கா சிவசாமி அண்ணனைத் தனியாகக் கூப்பிட்டார். தனியாக என்றாலும் எனக்குக் கேட்டது.

"கேக்கறேன்னு தப்பா நெனைக்காதீங்ணா. தம்பி…?"

"போனேன். வாசல்லயே நின்னு மழையப் பத்திப் பேசிட்டு வந்துட்டேன்."

"காபி குடுத்தாங்களா?"

"குடுத்தான்."

அதற்கு மேல் அக்கா ஒன்றும் கேட்கவில்லை. கேட்காமல் இருப்பது அவருக்கு எவ்வளவு கஷ்டம் என்று முகத்தில் தெரிந்தது. வாயை இறுக மூடிக்கொண்டு பஸ் ஏறினார்.

இப்போது நாங்கள் முறைவைத்து ஒரு மாதம் ஒருவரிடம், "உங்களுக்கு என்ன தலைப்பு வேணும்?" என்று கேட்கிறோம். பதில் சொல்ல எல்லாரும் திணறுகிறோம். சீட்டே தேவலாம் என்று சில மாதங்களில் தோன்றும்.

போன வாரம் அக்கா போன் செய்தார். மைசூரில் மகள் இருக்கும் தெருவில் பெண்கள் கூடிப் புத்தகம் படிக்கிறார்களாம். எல்லாம் கன்னடம். பேச்சு கொஞ்சம் புரிகிறது, எழுத்து இப்போதுதான் ஒவ்வொன்றாகப் பிடிபடுகிறது. அந்தப் பெண்கள் கூடிப் பேசி, அக்காவுக்கு என்று ஒரு புத்தகத்தைத் தேர்ந்தெடுத்துக் கொடுத்திருக்கிறார்கள். ஒன்றாம் வகுப்புப் பிள்ளைகள் படிக்கும் படப்புத்தகம்.

"கேளுங்க தம்பி" என்று சொல்லிவிட்டு எழுத்துக்கூட்டி ஒரு வரி படித்தார். நடுவில் இரண்டு முறை தடுக்கி, திரும்ப முதலிலிருந்து ஆரம்பித்தார். படித்து முடித்தபோது மூச்சு வாங்கியது.

"என்ன அர்த்தமுங்க அக்கா?"

"தெரியலீங்க தம்பி" என்றார். அவர் வாயிலிருந்து அதை அத்தனை சந்தோஷமாக நான் கேட்டதே இல்லை. "நாளைக்கு அவங்ககிட்டக் கேட்டுப்போட்டுச் சொல்றேனுங்க. வெச்சுராதீங்க, அடுத்த வரியையும் படிச்சுக் காட்டறேன்."